கார்க் நகரில் இரண்டு நாள்: எதை எடுப்பது, எதை விடுவது?

அயர்லாந்தில், டப்ளினிலிருந்து கார்க்குக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம், ஞாயிறு காலை திரும்பிவிடலாம். இந்தக் கணக்கில் நான் நான்கு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை தனியாக, இரண்டு தடவை மனைவியோடு, கடைசியாக ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு. அங்கே போகப் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பிளார்னி கோட்டைக்குப் போவதா, கோவ் துறைமுகத்துக்குப் போவதா? எங்கே சாப்பிடுவது? ராத்திரி எந்த பப்?

ஊரைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. கார்க் என்ற பெயர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. லீ ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் உள்ள தீவுதான் நகரத்தின் மையம். கடைத்தெருவான செயின்ட் பேட்ரிக் தெரு வில் போல வளைந்திருக்கும், ஏனென்றால் அது முன்பு ஆற்றின் ஒரு கிளை. தண்ணீரை மூடி மேலே தெரு போட்டார்கள். மையத்துக்குள் எதுவும் நடக்கிற தூரம்தான். அதனால் ஊருக்குள் எதைப் பார்ப்பது என்பது பெரிய சிக்கல் இல்லை. அரை நாளை விழுங்குகிற வெளியூர்ப் பயணத்தை எங்கே வைப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பிளார்னி நகரத்திலிருந்து 8 கிலோமீட்டர். 215-ஆம் எண் பேருந்து போகிறது. மெக்கார்த்தி குலத்தார் 1446-ல் கட்டிய கோட்டை. அதன் உச்சியில், கைப்பிடிச் சுவருக்கு அடியில் பதித்த ஒரு கல்லை முத்தமிட்டால் பேச்சு வன்மை வரும் என்பது நம்பிக்கை. முத்தமிடுவது அவ்வளவு எளிதில்லை. மல்லாந்து படுத்து, இரண்டு இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் கீழே தொங்கவிட வேண்டும். ஓர் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கோடையில் அதற்கான வரிசை குறுகலான சுழற்படியிலேயே நின்றுவிடும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் இறங்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களை அந்தப் படியில் ஏற்றாதீர்கள். அம்மா பாதியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று, எதிரே ஏறி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்.

ஆனால் பிளார்னியின் தோட்டம் அருமை. கோட்டைக்குப் பின்னால் நச்சுச் செடிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு செடிக்கும் அது என்ன செய்யும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஆமணக்கும் இருந்தது. அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது நம்ம கொல்லையில தானா முளைக்கிறதாச்சே, இதை ஆட்டித்தானே விளக்கெண்ணெய் எடுக்குறோம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகையை என்னிடம் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். விதையில் இருக்கும் விஷத்தைப் பற்றித்தான் அதில் எழுதியிருந்தது. கோட்டையைவிட அந்தச் செடிதான் அம்மாவுக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

கோவ் வேறு மாதிரியான இடம். கார்க்கின் கென்ட் நிலையத்திலிருந்து ரயிலில் 25 நிமிடம். வழியில் தண்டவாளம் இருபுறமும் சேறும் தண்ணீருமான கழிமுகத்தின் நடுவே போகும், அலை வற்றிய நேரமானால் நீர்ப்பறவைகள் கால் பதித்து நடப்பது தெரியும். நிலையத்தில் இறங்கினால் அங்கேயே பழைய கட்டடத்தில் குடியேற்ற அருங்காட்சியகம். 1848-க்கும் 1950-க்கும் இடையில் அயர்லாந்தை விட்டுப் போன 60 லட்சம் பேரில் 25 லட்சம் பேர் இந்தத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார்கள். அப்போது ஊருக்குப் பெயர் குயின்ஸ்டவுன். விக்டோரியா அரசி 1849-ல் வந்து போனதால் அப்படி மாற்றினார்கள், விடுதலைப் போராட்டக் காலத்தில் மறுபடி கோவ் ஆயிற்று.

டைட்டானிக் கடைசியாக நின்ற இடமும் இதுதான், 1912 ஏப்ரல் 11. பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வரவில்லை. வெளியே நங்கூரம் போட்டு நின்றது, இரண்டு சிறு கப்பல்கள் ஆட்களையும் தபால் மூட்டைகளையும் கொண்டு போய்ச் சேர்த்தன. இங்கே ஏறியவர்கள் 123 பேர். முதல் வகுப்பில் 3, இரண்டாம் வகுப்பில் 7, மீதி 113 பேரும் மூன்றாம் வகுப்பு. அவர்கள் சீட்டு வாங்கிய அலுவலகம் இன்னும் கரையோரம் நிற்கிறது, இப்போது டைட்டானிக் காட்சிக்கூடம். காசு கொடுத்து உள்ளே போக நேரமில்லை என்றால்கூடப் பரவாயில்லை. கட்டடத்துக்குப் பின்புறம் கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மரத்துறையின் மிச்சத்தைப் பாருங்கள். கருத்துப்போன மரத்தூண்கள் மட்டும் தண்ணீரில் நிற்கும். அவர்கள் கடைசியாகக் கால் வைத்த அயர்லாந்து அதுதான்.

கரையில் ஆனி மூர் என்ற பெண்ணின் சிலை இருக்கிறது, இரண்டு தம்பிகளோடு. 17 வயதில் இங்கிருந்து கப்பல் ஏறியவள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது அதன் வழியாக உள்ளே போன முதல் ஆள் அவள். அப்பா அம்மா முன்பே நியூயார்க் போயிருந்தார்கள், தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர வேண்டியது அவள் பொறுப்பு. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்புறம் ஊருக்குத் திரும்பி வந்தாளா?" அவள் நியூயார்க்கிலேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, 1924-ல் அங்கேயே இறந்துபோனாள் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சிலையின் பாதத்தைத் தொட்டுவிட்டு நடந்தார். பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டில் இருக்கும் எனக்கும் அதற்கு மேல் சொல்ல எதுவும் வரவில்லை.

அதனால் என் முடிவு கோவ்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. சின்னப் பிள்ளைகள் உடன் இருந்து, அவர்கள் ஏறிக் குதிக்கக் கோட்டை வேண்டும் என்றால் மட்டும் பிளார்னி. அப்படிப் போவதானால் காலை திறக்கும்போதே போய்விடுங்கள். கின்சேல் என்று மூன்றாவதாக ஓர் ஊரையும் பலர் சொல்வார்கள். மீன் சாப்பாடும் சார்லஸ் கோட்டையும் நன்றாக இருக்கும், ஆனால் அது மூன்றாம் நாள் கையில் இருப்பவர்களுக்கு.

இந்தியர்களுக்கு இந்தக் கடற்கரையோடு ஒரு துயரத் தொடர்பும் உண்டு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து விழுந்தது இந்தக் கடலில்தான், 329 பேர் இறந்தார்கள். மீட்ட உடல்களைக் கொண்டு வந்தது கார்க் மருத்துவமனைக்கு. நினைவிடம் அஹாகிஸ்டா என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கிறது, சூரிய கடிகாரமும் பெயர்கள் பொறித்த சுவருமாக. நகரத்திலிருந்து மேற்கே வெகுதூரம், கார் இருந்தால்தான் முடியும். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் பிளார்னி, கோவ் இரண்டையும் விட்டுவிட்டு அங்கே போய் வந்தாலும் அந்த நாள் வீணாகாது.

சரி, சாப்பாடு. கார்க்கின் சாப்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இந்தத் துறைமுகம் கப்பல்களுக்கு உப்புக் கறியும் வெண்ணெயும் ஏற்றியே பணக்கார ஊரானது. பீப்பாய் பீப்பாயாக நல்ல கறி கடல் கடந்து போயிற்று. ஊரில் நின்றது குடலும் இரத்தமும் காலும்தான். உழைக்கிற ஜனங்கள் அதைச் சமைத்துப் பழகினார்கள், அதுவே ஊரின் சாப்பாடாக நிலைத்துவிட்டது.

அந்தச் சாப்பாடு இன்னும் கிடைக்கிற இடம் இங்கிலீஷ் மார்க்கெட். 1788-ல் தொடங்கிய கூரை போட்ட சந்தை. 1980-ல் தீப்பிடித்து எரிந்து, பழையபடியே எடுத்துக் கட்டினார்கள். பிரின்சஸ் தெரு வாசல் வழியாக நுழையுங்கள். நடுவில் வார்ப்பிரும்பு நீரூற்று, மேலே சுற்றிலும் மாடம். உள்ளே மீன் கடைகள் வரிசையாக, பனிக்கட்டி மேல் வாயைத் திறந்து கிடக்கும் மாங்க்ஃபிஷ், அடுத்த மேசையில் தட்டுத் தட்டாக ஆலிவ், அதற்கடுத்து வட்ட வட்டமாகப் பாலாடைக்கட்டி. பட்டை, கிராம்பு, மிளகு எல்லாம் தேய்த்துப் பதப்படுத்திய மாட்டுக் கறி ஒன்று தொங்கும். கிறிஸ்துமஸுக்குக் கார்க் வீடுகளில் அதுதான் விசேஷம். துறைமுகத்துக்கு வந்த மசாலாவும் உப்புக் கறியும் ஒரே கிடங்கில் கிடந்த ஊரில் இப்படி ஒன்று பிறந்ததில் வியப்பில்லை.

இங்கே மூன்று வழி இருக்கிறது. மாடத்தில் உள்ள ஃபார்ம்கேட் கஃபேயில் உட்கார்ந்து, கீழே சந்தை நடப்பதைப் பார்த்துக்கொண்டே மதியம் சாப்பிடுவது ஒன்று. கீழேயே ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் என்று வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது இரண்டாவது. இரண்டையும் விட்டு ராத்திரி ஒரு நல்ல ரெஸ்டாரண்டில் செலவு செய்வது மூன்றாவது.

முதல் தடவை போகிறவர்கள் ஃபார்ம்கேட்டை விட வேண்டாம். சந்தையில் காலையில் வந்த மீன்தான் மதியம் தட்டில் வரும். துணிவிருந்தால் குடலும் ட்ரிஷீனும் கேளுங்கள். ட்ரிஷீன் என்பது ஆட்டு இரத்தமும் மாட்டு இரத்தமும் சேர்த்துச் செய்கிற, வழுவழுப்பான ஒரு குழல். குடலை வெங்காயத்தோடு பாலில் வேகவைத்து அதோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். மற்ற நாட்டுப் பயணிகள் முகத்தைச் சுளிக்கிற தட்டு இது. குடல் குழம்பும் இரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் கிடையாது. அம்மா ஒரு வாய் எடுத்து, மென்று, "நல்லா சுத்தம் பண்ணியிருக்காங்க, பதமா வெந்திருக்கு, மிளகுதான் போதலை" என்றார். நானும் அதையேதான் சொல்வேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாவது வழி நன்றாகவே ஒத்துவரும். என் மனைவி சைவம். சந்தையில் வாங்கிய ரொட்டியும் உப்பு வெண்ணெயும் கெட்டியான பாலாடைக்கட்டியுமே அவருக்கு நிறைவான மதியச் சாப்பாடாக இருந்தது. அயர்லாந்து வெண்ணெயின் மஞ்சள் நிறம் கலப்படம் இல்லை, வருடத்தில் பெரும்பகுதி பச்சைப் புல் தின்கிற மாடுகளின் பாலில் வருவது. ராத்திரிக்கு கஃபே பாரடைஸோ இருக்கிறது, 1993 முதல் இறைச்சியே இல்லாமல் நடக்கிற ரெஸ்டாரண்ட். காய்கறியை இவ்வளவு மதித்துச் சமைக்கிற இடத்தை ஐரோப்பாவில் நான் வேறு பார்த்ததில்லை. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். கூட்டத்தில் ஒருவர்கூடச் சைவம் இல்லை என்றால் இந்தச் செலவை விட்டுவிட்டு மதியத்தையே பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் மூடியிருக்கும். சனி இரவு வந்து திங்கள் காலை கிளம்புகிற திட்டம் போட்டால் இந்த ஊரின் பாதி உங்களுக்குக் கிடைக்காது.

ஊருக்குள் பார்க்க வேண்டியதில் முதலிடம் ஷாண்டன் மணிக்கூண்டுக்கு. ஆற்றுக்கு வடக்கே மேட்டில் நிற்கும் செயின்ட் ஆன் தேவாலயம், 1722. கோபுரத்தின் இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். நான்கு பக்கமும் கடிகாரம், நான்கும் நான்கு நேரம் காட்டும், அதனால் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் நாலுமுகப் பொய்யன். உச்சியில் காற்றுத்திசை காட்டுவது சேவல் இல்லை, தங்க நிறச் சால்மன் மீன். மற்ற தேவாலயங்களில் மணியை நாம் கேட்கத்தான் முடியும், இங்கே அடிக்கலாம். முதல் தளத்தில் எட்டு மணிகளுக்கும் எட்டுக் கயிறு வரிசையாக இருக்கும். எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் என்று பாட்டுகளின் தாள் ஒன்று கொடுப்பார்கள். கயிறு கையில் தடிமனாக, நிறையப் பேர் பிடித்து வழவழப்பாகி இருந்தது. இழுத்த கணத்தில் ஒன்றும் கேட்காது, கை தளரும்போது மேலேயிருந்து ஒலி இறங்கும். 1750-ல் வார்த்த மணி. என் மனைவி மூன்றாம் எண்ணை இழுத்தபோது வெளியே ஆற்றங்கரையில் நின்றிருந்த நான் அதைக் கேட்டேன். அதன் பிறகு 132 படி ஏறினால் மாடத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். பக்கத்திலேயே வெண்ணெய் அருங்காட்சியகம், சின்னது. உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தையாக ஒரு காலத்தில் இருந்த இடம்.

இரண்டாவது இடம் கார்க் பல்கலைக்கழகம். கட்டணம் கிடையாது. கல்வெட்டில் ஆர்வம் உள்ள தமிழர்களுக்கு அதன் கல் நடைக்கூடத்தைச் சிறப்பாகச் சொல்வேன். ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டிய கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கல்லின் விளிம்பையே கோடாக வைத்து, அதன் இருபுறமும் வெட்டிய கீறல்கள்தான் எழுத்து, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினிகளுக்கு அடிப்படையான பூலியன் தர்க்கத்தைத் தந்த ஜார்ஜ் பூல் இந்தக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர், 1849-ல் சேர்ந்தவர். 1864-ல் ஒரு நாள் மழையில் நனைந்தபடி வகுப்புக்கு நடந்து வந்து, ஈரத் துணியோடே பாடம் நடத்தி, காய்ச்சல் கண்டு இறந்துபோனார். நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். அந்த நடைக்கூடத்தில் நிற்கும்போது அவர் நினைவு வராமல் இருந்ததில்லை.

செயின்ட் ஃபின் பார் பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும், வாசல் சிற்பங்கள் அவ்வளவு நுணுக்கம். பழைய சிறைச்சாலை மழை நாளுக்கு.

கடைசியாக ராத்திரி. குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா என்று தயங்க வேண்டாம். தேநீரோ எலுமிச்சைச் சோடாவோ கேட்டு வாங்கி மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உள்ளே புகை கிடையாது, 2004-லேயே தடை செய்த நாடு. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோரோடு இரவு 9 மணி வரை இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. குடிக்கிறவர்கள் இங்கே கின்னஸ் கேட்க வேண்டாம். அது டப்ளின் சரக்கு. கார்க்குக்கென்று இரண்டு கறுப்பு பீர் உண்டு: 1792-ல் தொடங்கிய பீமிஷ், 1856-ல் தொடங்கிய மர்ஃபிஸ். பீமிஷ் கொஞ்சம் கசப்பாக, வறுத்த காபிக் கொட்டை வாசத்தோடு இருக்கும். மர்ஃபிஸ் மென்மை. என் ஓட்டு பீமிஷுக்கு. கிளாஸைச் சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். பழுப்பு நுரை கீழே இறங்குவது போலத் தோற்றம் காட்டி, மெல்ல மேலே ஏறிப் பாலாடை போலப் படியும். அது முடிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். அதற்கு முன் கை நீட்டினால் புதியவர் என்று தெரிந்துவிடும்.

எந்த பப் என்பது எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பகலில், பெரியவர்களோடு, வயிற்றுக்கும் ஏதாவது வேண்டுமென்றால் லாங் வேலி. பெயர் போலவே நீளமான கூடம், தடித்த சாண்ட்விச்சுக்குப் பெயர் பெற்ற இடம். அம்மா அங்கே மூன்று மணிக்குத் தேநீர் குடித்தார். பேச வேண்டும் என்றால் ஹை-பி. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரு வீட்டு முன்னறை அளவுதான். கைப்பேசிக்கு அங்கே இடமில்லை என்பது ஊரறிந்த விதி, அதனாலேயே பக்கத்தில் இருப்பவர் உங்களோடு பேசுவார். இரண்டு பேர் மட்டும், அமைதியாக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார மட்டன் லேன் இன். செயின்ட் பேட்ரிக் தெருவிலிருந்து சந்தைக்குப் போகிற குறுகலான சந்தில், ஓவியம் தீட்டிய சுவரை ஒட்டி இருக்கிறது. கோடை மாலையில் கூட்டமாகப் போனால் பிரான்சிஸ்கன் வெல், பழைய மடம் இருந்த நிலத்தில் பின்புற முற்றம் விசாலமானது. நல்ல இடம், ஆனால் அதைப்போல ஒன்று மற்ற ஊர்களிலும் கிடைக்கும்.

ஒரே ஒரு ராத்திரிதான் என்றால் ஷின் ஏ. கோபர்க் தெருவில் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு அர்த்தம் 'அவ்வளவுதான்'. பக்கத்துக் கட்டடம் இறுதிச்சடங்கு நடத்துகிற இடம் என்பதால் வைத்தது. இங்கே நடக்கும் மரபிசைக்கு மேடை கிடையாது, மைக் கிடையாது. வாசிப்பவர்கள் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்காருவார்கள், நமக்கு முதுகுதான் தெரியும். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். கார்க், பக்கத்து மாவட்டமான கெர்ரி இரண்டின் எல்லைப் பகுதி போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டுகளுக்குப் பேர்போனது, டப்ளினில் அதிகம் கேட்காத துள்ளல் தாளம். பிடித்திருந்தால் காலால் தாளம் போடலாம், கை தட்டிக் கூடவே அடிக்கக் கூடாது.

முதல் தடவை போனபோது அந்த மூலையில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. உட்காரப் போனேன். வயலின்காரப் பெரியவர் ஒருவர் வில்லைத் தாழ்த்தி, "அது புல்லாங்குழல்காரருடையது தம்பி, வந்துவிடுவார், நீங்கள் இப்படி என் பக்கம் வாங்க" என்று சொல்லி, கோட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். இரண்டு மணி நேரம் அவர் முழங்கைக்கு அருகில் இருந்து கேட்டேன். வில் கம்பியைத் தொடும் முன் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பத்து மணி தாண்டி மழைக்கோட்டோடு ஒருவர் நுழைந்தார். யாரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, குழலின் மூன்று துண்டுகளைப் பொருத்தி, துணியால் ஒரு தடவை துடைத்து, ஓடிக்கொண்டிருந்த மெட்டின் நடுவில் அப்படியே சேர்ந்துகொண்டார்.